மஞ்சள் கடுதாசிக்குப் பின்வாசல்

அந்தக் கரகரச் சத்தம் நீங்கள்தானா அக்கா? எனக்கு உயிரே போய்விட்டது. இருட்டின பிறகு வீட்டுப் பின்பக்கம் ஏதாவது கேட்டாலே இப்போதெல்லாம் முதலில் பாப்பாவைத் தூக்கிக்கொள்கிறேன். இரும்பை எலும்பில் வைத்துத் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம், கொஞ்ச நேரம் நிற்கிறது, மறுபடி தேய்க்கிறது. பெருச்சாளிக்கு அவ்வளவு நிதானம் கிடையாது. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, சமையல்கட்டு விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். பார்த்தால் மெஸ்காரர் வீட்டுப் பரிமளம் அக்கா, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு எங்கள் தகரக் கதவை அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறார்கள். சத்தம் வரக்கூடாது என்று நகர்த்தினால்தான் அது அப்படிக் கத்தும். ஒரே இழுப்பாக இழுத்திருந்தால் பேசாமல் திறந்திருக்கும்.

உட்காருங்கள். செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம், கீழே விடுங்கள், அதை யாரும் ஜப்தி செய்ய மாட்டார்கள். எதற்கு வந்தீர்கள் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். எங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் முன்வாசலில் வந்து சத்தம் போடுகிறார்கள். எங்களைப் போலவே கடன் வாங்கினவர்கள் பின்வாசலில் வந்து குசுகுசுக்கிறார்கள். முக்காட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, உங்கள் வீட்டிலும் மஞ்சள் கடுதாசிப் பேச்சு வந்துவிட்டது.

அழாதீர்கள். பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள், தொட்டிலில் போட்டுவிட்டு வருகிறேன்.

அழுகிறதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் ஒன்றைப் பேச எனக்கு வராது. போன தவக்காலத்தில் என் வீட்டுக்காரர் ஜெரோம் கோர்ட்டில் மனுப் போட்டார். சப்ளையர்ஸ் தொழில் படுத்துவிட்டது, ஷாமியானாவுக்கும் நாற்காலிக்கும் வாங்கின கடனைக் கட்ட வழியில்லை, என்னைத் திவாலானவன் என்று அறிவித்துவிடுங்கள் என்று. விஷயம் தெருவுக்குத் தெரிந்த அன்று சாயங்காலம் நீங்கள் வந்து என்னிடம் எதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள், ஞாபகம் இருக்கிறதா? இட்லித் துணியை. கோர்ட் ஆள் வந்து இந்த வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனால் உங்கள் இட்லித் துணியும் அதோடு போய்விடும் என்று பயம். நான் அதை ஈரத்தோடு பிழிந்து கொடுத்தேன். சரி, போகட்டும். நான் அதையெல்லாம் நினைக்கிறவள் இல்லை.

காபி குடிப்பீர்களா? பால் இல்லை, கடுங்காபிதான்.

எல்லாரும் ஏன் என்னிடம் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? வக்கீலிடம் போனால் பீஸ் கேட்பார். நானோ காபி கொடுத்துச் சொல்கிறேன். கான்வென்ட்டில் படித்தவள், கோர்ட்டுத் தாளை இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் அர்த்தம் சொல்லுவாள். எங்கள் மனுவில் குமாஸ்தா அடித்திருந்த தப்புகளையெல்லாம் நான்தான் பென்சிலால் திருத்திக் கொடுத்தேன். "நீங்களே ஒரு கவுனை மாட்டிக்கலாம் போலயே மேடம்" என்றார் வக்கீல் சந்தானகிருஷ்ணன். அவர் கிண்டலாகச் சொன்னார். எனக்கென்னவோ அது சரி என்றுதான் பட்டது.

வருகிறவர்கள் கேட்கிற கேள்வியைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. மாடியில் தோட்டம் போட்டிருக்கிறாரே ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், அவர் வந்தார், டார்ச் லைட்டைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு. "ஏம்மா, ஐ.பி. குடுத்துட்டா எலெக்‌ஷன்ல நிக்க முடியாதாமே?"

"நிக்கப் போறீங்களா சார்?"

"சேச்சே. ஒரு பொது அறிவுக்குக் கேட்டேன்."

சொந்த மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டு முழிக்கிற மனுஷன், பொது அறிவாம்.

டெய்லர் வீரபாகு வந்தார். பேப்பரில் போடுவார்களா என்று கேட்டார். போடுவார்கள் என்றேன். போட்டோவோடா என்றார். பேர் மட்டும்தான் அண்ணே என்றேன். "அப்ப இனிஷியல மாத்திக் குடுத்துட்டா?" என்றார். இவரிடம்தான் நாம் பாப்பாவுக்குக் கவுன் அளவு கொடுக்கிறோம்.

இன்னொருத்தி வந்தாள், பேர் சொல்ல மாட்டேன், நீங்களும் நானும் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குகிற இடத்தில்தான் அவளும் வாங்குவாள். அந்த மஞ்சள் கடுதாசியைக் கண்ணால் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். நகலை எடுத்துக் காட்டினேன். எங்கள் வக்கீல் கடன்காரர்களுக்கு அனுப்பினது வெள்ளைத் தாள்தான், ரிஜிஸ்டர் தபாலில் போனது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளையா இருக்கே, அப்ப இது செல்லாதோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். போட்டோ ஸ்டுடியோக்காரர் பொண்டாட்டிக்குத் தாலிக்கொடியைப் பற்றிப் பயம். தாலியையும், உடுத்தின துணியையும், சமையல் பாத்திரத்தையும், படுக்கிற பாயையும் சட்டமே தொடாதே என்கிறது என்றேன். "சட்டம் தொடாது சரி, எங்க மாமியார்?" என்றாள்.

ஜெயிலா? ஜெயிலெல்லாம் கிடையாது அக்கா. அதைத்தான் நீங்களும் முதலில் கேட்பீர்கள் என்று நினைத்தேன். கட்ட முடியாதவன் கட்ட முடியவில்லை என்று ஒப்புக்கொள்வதற்கு எதற்கு ஜெயில்? ஒளித்தால்தான் வம்பு. நகையைத் தங்கச்சி வீட்டில் வைப்பது, வண்டியை மைத்துனன் பேருக்கு மாற்றுவது, இதெல்லாம் ரிசீவர் தோண்டி எடுத்துவிடுவார். ரிசீவர் என்றால் சொத்தையெல்லாம் பொறுப்பெடுத்து விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கக் கோர்ட் வைக்கிற ஆள். அவரிடம் பொய் சொன்னால் அப்போதுதான் ஜெயில். வருகிறவர்கள் எல்லாரிடமும் இதைப் படித்துப் படித்துச் சொல்கிறேன். உண்மையாக இருங்கள், கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று.

எங்கள் அண்டாக்களைக் கேட்கிறீர்களா? அது ஒளித்தது இல்லை. அது என் அண்ணன் பிரிட்டோ குடோனில் இருக்கிறது. அது வேறு.

அண்ணனை உங்களுக்குத் தெரியும். பைபாஸில் சிமெண்ட் கடை, புல்லட்டில் வருவாரே. கோர்ட் அமீனா வருகிறார் என்று தெரிந்ததும் முந்தின நாளே வேனைக் கொண்டுவந்து அண்டா, தேக்சா, அடுப்பு, நாற்காலி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். "நம்ம குடோன்ல கிடக்கட்டும் ஜெனோ, எவன் கேக்கறான்னு பாத்துக்கறேன்" என்றார். வேனில் இடம் போதாமல் பெரிய பித்தளை அண்டா மட்டும் நின்றுவிட்டது. அமீனா வந்து அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் விடவில்லை. "சார், சமையல் பாத்திரத்தை ஜப்தி பண்ணக் கூடாதுன்னு சட்டம் இருக்கு" என்றேன். அவர் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். உள்ளே நம் ஹெட்மாஸ்டரே உட்காரலாம். "வீட்ல எத்தன பேரும்மா?" என்றார். "நாங்க ரெண்டு பேர், ஒரு கைக்குழந்தை" என்றேன். அந்த மனுஷன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்டாவை எழுதிக்கொண்டு போய்விட்டார். சட்டம் தெரியாத ஆள்.

அந்த ஒன்று போனதுதான் போனது. மற்றதெல்லாம் அண்ணனால் தப்பித்தது. ஜெரோமுக்கு இதில்கூட ஒரு குறை. அவர் இப்போது ஒட்டன்சத்திரத்துப் பந்தல்காரர் ஒருவரிடம் கம்பு நடுகிற வேலைக்குப் போகிறார், உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெருவே பேசுகிறதே. போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போடப் போன இடத்தில் நம் தேக்சாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்ததாம். விளிம்பில் நம் கடைப் பேர் வெட்டியிருந்ததாம். "உங்க அண்ணன் வாடகைக்கு விடறார் ஜெனோவா" என்றார், ஏதோ கொலையைக் கண்டுபிடித்த மாதிரி. சும்மா கிடந்தால் பாத்திரம் களிம்பேறிப் போகாதா? நாலு இடத்துக்குப் போய் வந்தால்தானே நன்றாக இருக்கும்? அதைச் சொன்னேன். வாடகைக் காசு யாரிடம் போகிறது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கூடப்பிறந்தவனிடம் போய் வாடகைக் கணக்குக் கேட்கச் சொல்கிறாரே, இவரெல்லாம் அக்கா தங்கை இல்லாமல் ஒற்றையாகப் பிறந்தவர், இவருக்கு எப்படிப் புரியும்?

அதே புத்திதான் வக்கீல் ஆபீஸிலும். கடன் கொடுத்தவர்கள் பேரையெல்லாம் வரிசையாகச் சொல்லுங்கள் என்றார் வக்கீல். "பாத்து யோசிச்சு சொல்லுங்க. ஒருத்தர விட்டாலும் நாளைக்கு அவர் தனியா வந்து கழுத்தப் பிடிப்பார். கோர்ட்டுக்குள்ள வந்தவங்களத்தான் கோர்ட் கட்டுப்படுத்தும்." ஜெரோம் ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே வந்து, "எங்க மச்சான் பிரிட்டோ" என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன் அக்கா. ஷாமியானா வாங்கும்போது அண்ணன்தான் பெரிய தொகையாகக் கடன் கொடுத்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஜெரோம் புரோநோட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்காக? என் பிறந்த வீட்டு வாசலில் தபால்காரன் போய் நின்று, இந்தாங்க, உங்க தங்கச்சி வீட்டுக்காரர் அனுப்பின மஞ்சள் கடுதாசி, கையெழுத்துப் போடுங்க என்று நீட்டுவானா? வேளாங்கண்ணியில் பாப்பாவுக்கு மொட்டை போடும்போது யார் மடியில் உட்கார வைப்பது? காது குத்துக்குத் தோடு யார் கொண்டுவருவது? தாய்மாமனைக் கடன்காரப் பட்டியலில் சேர்க்கிற குடும்பம் உருப்படுமா? "அந்தப் பேர் வேண்டாம் சார்" என்றேன். வக்கீல் ஜெரோமைப் பார்த்தார். ஜெரோம் வக்கீலின் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தார். அவர் எப்போதுமே அப்படித்தான், வாயில்லாத ஜீவன். வக்கீல் மட்டும், "உங்க இஷ்டம். ஆனா நான் சொன்னேன்னு ஞாபகம் வச்சுக்குங்க" என்றார். எத்தனையோ குடும்பங்கள் ஒன்றையொன்று கடித்துத் தின்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அப்படி ஒரு புத்தி. எங்கள் குடும்பம் அப்படி இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து அண்ணன் புரோநோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை தெரியுமா? ஒரு வார்த்தை. தினம் வருகிறார், ஹாலில் உட்காருகிறார், பாப்பாவுக்கு ரஸ்க் கொண்டுவருகிறார். கடன்காரர்கள் வந்து கத்தினால் வாசலில் போய் நின்று, "இந்த வீடு எங்கப்பா என் தங்கச்சிக்குக் குடுத்தது, இதுல எவனாவது காலை வச்சான்" என்று ஒரு அதட்டல். அவ்வளவுதான், தெருவே காலி.

அந்த வீட்டைப் பற்றித்தான் அண்ணனுக்கு ராத்திரி தூக்கமில்லை. எனக்கும்தான். நீங்கள் வந்து தகரக் கதவை நகர்த்தினாலே நான் விளக்கை அணைக்கிறேனே, ஏன்? இந்த வீடு போய்விட்டால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்? ஜெரோம் பந்தல் கொட்டகையில் படுத்துக்கொள்வார். நான்? அண்ணன்தான் வழி சொன்னார். "உன் பேர்ல இருந்தா புருஷன் கடனுக்கு எழுதிக்குவானுங்க ஜெனோ. என் பேருக்கு மாத்தி வச்சிருவோம். எல்லாம் அடங்கினதும் திருப்பி எழுதிக் குடுத்துடறேன்." நாளைக்குக் காலையில் ரிஜிஸ்டர் ஆபீஸ். அதற்கு முன்னால் பத்திரம் எழுதுகிறவரிடம் காட்ட வேண்டும் என்று மூலப் பத்திரத்தை வாங்கிப் போக இன்றைக்கு வருவார். அதை எடுத்து அந்த டிவி மேல் வைத்துவிட்டேன், பாருங்கள், பிளாஸ்டிக் கவரில். ஜெரோமிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

சரி, என் கதை இருக்கட்டும். காபி ஆறுகிறது. உங்கள் விஷயத்துக்கு வாருங்கள். மெஸ்ஸுக்கு டெம்போ வாங்கின பைனான்ஸ், அப்புறம் கேஸ் ஏஜென்சி, மளிகைப் பாக்கி. எல்லாம் உங்கள் வீட்டு அண்ணாச்சி பேரில்தானே? அவர்தானே கையெழுத்து? ம். அப்படியானால் மனுவும் அவர்தான் போட வேண்டும், நீங்கள் கோர்ட் படியே ஏற வேண்டாம்.

என்ன? இன்னொரு தரம் சொல்லுங்கள், முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

சீலப்பாடியில் உங்கள் பேரில் இருக்கிற மனையை உங்கள் தம்பி பேருக்கு எழுதி வைத்துவிட்டால் பாதுகாப்பா என்றா?

அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். இத்தனை பேர் வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதிலேயே இதுதான் அசட்டுக் கேள்வி. டெய்லராவது இனிஷியலைத்தான் மாற்றப் பார்த்தார். யோசித்துப் பாருங்கள். மனை யார் பேரில்? உங்கள் பேரில். யார் கொடுத்தது? உங்கள் அப்பா. கடன் தாளில் கையெழுத்து யாருடையது? அண்ணாச்சியுடையது. நீங்கள் எதிலாவது போட்டீர்களா? இல்லை. அப்புறம் எந்தக் கடன்காரன் அதைத் தொடுவான்? புருஷன் கடனுக்குப் பொண்டாட்டியின் பிறந்த வீட்டுச் சொத்தை எந்தக் கோர்ட் எடுக்கும்? அது உங்கள் பேரில் இருக்கிறவரை ஒரு பயல் கிட்டே வர முடியாது. நீங்களாக எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்தால்தான் அது போகும். ரிஜிஸ்டர் ஆபீஸில் ரேகை வைத்துவிட்டால் அது தம்பி சொத்து அக்கா. திருப்பித் தருகிறேன் என்று அவர் வாயால் சொன்னதை எந்தத் தாளில் பார்த்துக் கேட்பீர்கள்? நாளைக்கு அவர் பொண்டாட்டி வந்து, அண்ணி, மனையில் கட்டடம் கட்டப் போகிறோம் என்றால் என்ன செய்வீர்கள்?

பாதுகாப்பு என்கிறாரே உங்கள் தம்பி, யாரிடமிருந்து பாதுகாப்பு? வருகிறவன் எவனுக்கும் அதில் உரிமை இல்லையே. பொறுங்கள். உங்கள் தம்பிக்கு அண்ணாச்சி ஏதாவது தர வேண்டியிருக்கிறதா?

இருக்கிறதா?

அதுதானே பார்த்தேன். இது போதும் அக்கா, இதைக் கண்டுபிடிக்கக் கான்வென்ட்டில் படித்திருக்க வேண்டாம். கொடுத்த கடனை அவர் வசூல் பண்ணிக்கொள்கிறார், அவ்வளவுதான். நோகாமல், உங்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டு. நீங்கள் அதற்கு அவருக்குக் கும்பிடு வேறு போடுவீர்கள்.

ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்?

என் அண்ணன் விஷயம் வேறு. சொன்னேனே. என் அண்ணன் ரஸ்க் கொண்டுவருகிறார். அவர் புரோநோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கூட...

அந்தச் சொம்பை இப்படி எடுங்கள். இல்லை, உங்களுக்கு இல்லை. எனக்குத்தான்.

பார்க்காதீர்கள் அக்கா, அந்த டிவி பக்கம் பார்க்காதீர்கள். நானே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஜெரோம் கேட்டார், வாடகைக் காசு யாரிடம் போகிறது என்று. ஒற்றையாகப் பிறந்தவர் என்று சொன்னேன். அவர் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

புல்லட் சத்தம் கேட்கிறதா? தெருமுனைத் தண்ணீர் டேங்க் பக்கம் திரும்புகிறது. அண்ணன்தான்.

எழுந்திருக்காதீர்கள். பின்வாசல் வழியாகப் போய்விடாதீர்கள், நில்லுங்கள், உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், இட்லித் துணியைச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் தட்டமாட்டார். சொந்த வீட்டுக்குள் வருகிற மாதிரி தள்ளிக்கொண்டு வருவார். எனக்கு அவரை நேரில் பார்த்தால் இல்லை என்று சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே வராது. சைக்கிளில் என்னை முன்னால் உட்கார வைத்து ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டவர் அக்கா. முகத்தைப் பார்த்தால் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

கவரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, வேண்டாம், கொடுங்கள், என்னிடமே கொடுங்கள். இனி யார் கையிலும் வேண்டாம்.

இந்த முன்வாசல் கதவைப் பிடியுங்கள். பெயின்ட் அடித்ததிலிருந்து இந்தத் தாழ்ப்பாளைப் போட்டதே இல்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் வண்டிக்கு ஸ்டாண்ட் போடுகிறார். தோளை வைத்து அழுத்துங்கள்.

"ஜெனோ. பத்திரத்த எடுத்து வச்சிட்டியாம்மா?"

"பாப்பா தூங்குதுண்ணா."

"தூங்கட்டும். நான் உள்ள வரல. கதவ லேசாத் தெற, வாங்கிட்டுப் போயிடறேன். ஆபீசுக்கு விடியக் காத்தாலயே போகணும்."

"நான் வரலைண்ணா."

"என்னது?"

"வீடு என் பேர்லயே இருக்கட்டும்ணா."

அழுத்துங்கள் அக்கா, வெளியிலிருந்து தள்ளுகிறார். ஒட்டியிருந்த பெயின்ட் உதிர்கிறது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்தான்.

ஆங். தாழ்ப்பாள் விழுந்துவிட்டது.